பொய் சொல்லும் குமிழ்

1

அம்மா முதன்முறை நியூ ஜெர்சிக்கு வந்தபோது ஆறு மாதமும் பெட்டியிலிருந்தே புடவை எடுத்து உடுத்தினாள். விருந்தினர் அறையில் ஜன்னலுக்குக் கீழே அந்தப் பெட்டி கிடக்கும். காலையில் திறப்பாள். குளித்துவிட்டு வந்து ஒரு புடவையை உருவுவாள். கலைந்ததை மறுபடி அடுக்குவாள். இரவு படுக்கும் முன் மூடி, எண்பூட்டைச் சுழற்றிவிட்டு விளக்கை அணைப்பாள். பெட்டிக்கு நேரெதிரே 6 அடி அகலத்தில் ஒரு சுவரலமாரி காலியாக இருந்தது. அவள் வருகிறாள் என்று நானே ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து ஒழித்துக்கொடுத்த அலமாரி. இருபது ஹேங்கர்கள் வேறு வாங்கி மாட்டியிருந்தேன்.

அவள் பெட்டியிலிருந்து வாழ்வதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அதற்கு ஒரு விளக்கமும் இருந்தது. அம்மாவுக்கு இந்த ஊர் ஒட்டவில்லை, எந்த நிமிடமும் கிளம்பத் தயாராக இருக்கிறாள், திறந்த பெட்டி என்பது அவளுடைய மௌனமான மறுப்பு. கொஞ்சம் கதை கவிதை படிக்கிறவன் புத்தி அப்படித்தான் போகும். பெட்டியைப் படிமமாக்கிவிட்டேன். படிமம் கிடைத்துவிட்டால் அப்புறம் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்புதான் கேட்டேன். "ஏம்மா, அலமாரியில வைக்கவே இல்ல?"

"அந்தக் கதவு எனக்குத் திறக்க வரலய்யா. வந்த மறுநாளு ரெண்டு தடவ இழுத்துப் பாத்தேன். மேல என்னமோ கரகரன்னுச்சு. பேத்துக்கிட்டு வந்துருமோன்னு விட்டுட்டேன். எனக்குத்தான் தெரியல போல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"இதுக்குப் போயி உன்னைக் கூப்புடுவாகளா? நீ மீட்டிங்ல இருந்த."

எழுந்துபோய் அந்தக் கதவின் முன் நின்றேன். மூன்று வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். அந்தக் கதவை நானும் திறந்திருக்கிறேன். எப்படித் திறந்தேன் என்று யோசித்தபோதுதான் உறைத்தது: நான் ஒருநாள்கூட அதன் குமிழைத் தொட்டதே இல்லை. உள்ளங்கையால் கதவின் நடுவே ஒரு தட்டு தட்டி, மடிப்பு லேசாக வெளியே வந்ததும் அதில் விரலைக் கொடுத்து இழுத்துத் திறந்திருக்கிறேன். குமிழ் வேலை செய்யாது என்று என் கைக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அந்தச் செய்தியைக் கை எனக்குச் சொல்லவில்லை. நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கதவில் இருந்த இரண்டு குமிழ்களைப் பற்றிய விமர்சனம். ஒரு நாவலுக்குத் தருகிற கவனத்தை ஒன்றேகால் அங்குல மரக்குமிழுக்குத் தரலாமா என்று கேட்டால், தரலாம் என்றே நினைக்கிறேன். நாவல் பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடலாம். குமிழை விட்டால் துணிக்குப் போக வேறு வழி கிடையாது.

2

இந்தக் கதவைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அதன் அமைப்பு.

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் படுக்கையறைச் சுவருக்குள்ளேயே அலமாரி இருக்கும். அதற்கு மூன்று விதமாகக் கதவு போடலாம். சாதாரணக் கீல் கதவு என்றால் 3 அடி அகலக் கதவுக்கு அறைக்குள் 3 அடி இடம் விட வேண்டும், கட்டில் இடிக்கும். ஒன்றன்பின் ஒன்றாக நகரும் தள்ளுகதவு இடத்தை அடைக்காது, ஆனால் எப்போதும் பாதி அலமாரிதான் திறந்திருக்கும். மூன்றாவது, மடக்குக் கதவு. 6 அடி வாசலுக்கு ஏறக்குறைய 18 அங்குல அகலத்தில் நான்கு பலகைகள். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. ஒவ்வொரு ஜோடியும் நடுவில் கீலால் இணைந்திருக்கும். திறந்தால் புத்தகம் மாதிரி மடிந்து ஓரத்தில் ஒதுங்கும். அறைக்குள் ஒன்றரை அடிக்கு மேல் வராது. அலமாரி கிட்டத்தட்ட முழுதாகத் திறக்கும். சின்ன அறைக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான கதவு கிடையாது. இந்தக் கதவின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஜோடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். சுவரை ஒட்டிய பலகை மேலும் கீழும் ஒரு முளையில் நிற்கிறது, அது சுழலும். இதைச் சுவர்ப்பலகை என்போம். அதோடு கீலால் இணைந்த மற்றதை முன்பலகை என்போம். முன்பலகையின் தூர முனையில், மேலே ஒரு சின்ன உருளை இருக்கிறது. அது வாசலின் தலைக்கு மேல் பொருத்திய தண்டவாளத்தில் ஓடுகிறது. அவ்வளவுதான். ஒரு முளை, ஒரு கீல், ஓர் உருளை.

இப்போது குமிழை எங்கே வைப்பது?

ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் மடித்து, மேசையில் ஒரு ஸ்கேலை ஒட்டி நிமிர்த்தி நிறுத்துங்கள். இடது ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் முளை. வலது ஓரம் ஸ்கேலை ஒட்டியே நகரலாம், ஸ்கேலை விட்டு விலகக் கூடாது, அதுதான் உருளை. கார்டை ஏறக்குறைய தட்டையாக்குங்கள். கதவு மூடியிருக்கிறது. இனி வலது ஓரத்தை உங்களை நோக்கி இழுத்துப் பாருங்கள். வராது. விதிப்படி அதற்கு உங்களை நோக்கி வர அனுமதியே இல்லை. பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கார்டு தட்டையாக இருக்கும்வரை அதுவும் நடக்காது. இப்போது மடிப்பைத் தொட்டு இழுங்கள். கதவு திறக்கிறது.

பொறியியல் கல்லூரியில் இதற்கு ஸ்லைடர் கிராங்க் என்று பெயர். பைக் எஞ்சினில் பிஸ்டனும் கிராங்கும் இணைந்திருப்பது இதே உறவில்தான். மூடிய கதவு என்பது பாடப்புத்தகத்தில் டெட் சென்டர் என்று வரும் நிலை: எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும் நிலை.

கணக்கும் எளிது. மூடிய நிலையில் உங்களை நோக்கி இழுக்கும்போது ஒரு புள்ளி எவ்வளவு உதவும் என்பது, உருளை இருக்கும் முனையிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மடிப்பில் இழுத்தால் முழு 18 அங்குல நெம்புகோல். முன்பலகையின் நடுவில் இழுத்தால் 9 அங்குலம். முனையிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் இழுத்தால் அந்த ஒன்றரை அங்குலம் மட்டும்தான். மடிப்பில் 1 கிலோ விசை போதும் என்றால், நடுவில் 2 கிலோ வேண்டும், முனையோரத்தில் 12 கிலோ வேண்டும். அந்த 12 கிலோவும் கதவைத் திறக்கப் போவதற்கு முன்னால் உருளையைத் தண்டவாளத்திலிருந்து பிடுங்கப் பார்க்கும். அம்மா கேட்ட கரகர அதுதான்.

எங்கள் வீட்டுக் குமிழ்கள் இருந்தது அந்த ஒன்றரை அங்குலத்தில். நடுவில் இரண்டு ஜோடிகளும் சந்திக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

இதில் அம்மாவுக்குத் தெரியாத விஷயம் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு வலித்தது. அவள் முப்பது வருடம் காலால் மிதிக்கிற தையல் மெஷினில் உட்கார்ந்தவள். மிதிபலகை டெட் சென்டரில் நின்றுவிட்டால் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் ஓடாது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் மிதிப்பதற்கு முன் கைச்சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிடுவாள். அந்தப் பெயரைத் தேர்வில் எழுதியவன் நான், அந்த நிலையோடு தினமும் வேலை பார்த்தவள் அவள். அந்தக் கதவில் குமிழே இல்லாமல் இருந்திருந்தால் அவள் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பாள். குமிழ் இருந்ததுதான் கெடுத்தது. அது "இங்கே இழு" என்று சொன்னது. அவள் நம்பினாள்.

3

அப்படியானால் அந்தக் குமிழை அங்கே வைத்தவர் முட்டாளா? வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்த யாரோ. ஆனால் அவர் ஏன் வைத்தார் என்று எனக்குத் தெரியும். அங்கே வைத்தால் அழகாக இருக்கும்.

நான்கு பலகைகளும் மூடியிருக்கும்போது அது ஓர் இரட்டைக் கதவு போலத் தெரிகிறது. இரட்டைக் கதவு என்றால் கைப்பிடிகள் நடுவில் அருகருகே இருக்க வேண்டும் என்று நம் கண்ணுக்குப் பழக்கம். கோயில் கதவு அப்படி, வீட்டு முன்வாசல் கதவு அப்படி, கோத்ரெஜ் பீரோ அப்படி. மடிப்புக்கருகே குமிழ் வைத்தால் என்ன ஆகும்? இரண்டு குமிழ்களுக்கும் நடுவே 32 அங்குல இடைவெளி விழும். சமச்சீராகத்தான் இருக்கும், ஆனால் ஜோடியாக இருக்காது. சண்டை போட்டுக்கொண்டு சோபாவின் இரு ஓரங்களில் உட்கார்ந்திருக்கும் தம்பதி மாதிரி இருக்கும். வீட்டை விற்பதற்காக எடுக்கும் புகைப்படத்தில் அருகருகே இருக்கும் குமிழ்களே லட்சணம். படத்தில் கதவு எப்போதும் மூடியே இருக்கிறது. படத்தில் யாரும் புடவை எடுப்பதில்லை.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. கதவைத் திறப்பது மட்டுமா, மூடவும் வேண்டாமா? முழுதாக மடிந்து ஒதுங்கிய கதவை மூட, முன்பலகையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அப்போது கணக்கு தலைகீழாகிறது. இப்போது முனையோரம்தான் நல்ல இடம். உண்மை. ஆனால் எவ்வளவு நல்ல இடம் என்று பார்க்க வேண்டும். மூடும்போது முனையோரத்தில் 1 கிலோ போதுமென்றால் மடிப்பருகே ஏறக்குறைய 1.7 கிலோ வேண்டும். திறக்கும்போது தவறான இடத்துக்குத் தண்டனை 12 மடங்கு. மூடும்போது இரண்டு மடங்குகூட இல்லை. அதுவும் மூடுவதன் கடைசிக் கட்டத்தில், கதவு தட்டையாகப் போகும் நேரத்தில், மறுபடி மடிப்பைத்தான் உள்ளே தள்ள வேண்டும்.

சரி, மடிப்பிலேயே ஒட்டி வைத்துவிடலாமா? அதுவும் முடியாது. கீல் பலகைகளின் பின்பக்கத்தில் இருக்கிறது. மடிக்கும்போது முன்பக்கம் மடிப்பில் இடைவெளி விரிகிறது, மூடும்போது அது கத்தரி மாதிரிச் சேர்கிறது. குழந்தையின் விரல் அங்கே இருந்தால் அவ்வளவுதான். சுவர்ப்பலகையில் மடிப்போரமாக வைக்கலாமே என்றால், முழுதாகத் திறந்ததும் அதன் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். குமிழ் சட்டத்தில் இடிக்கும், கைக்கும் அகப்படாது. முன்பலகையின் முகம் மட்டுமே திறந்த பிறகும் வாசலைப் பார்த்து நிற்கும்.

ஆக, கண் முனையைக் கேட்கிறது. திறக்கும் கை மடிப்பைக் கேட்கிறது. மூடும் கை கொஞ்சம் முனைப்பக்கம் சாய்கிறது. விரல் பாதுகாப்பு மடிப்பிலிருந்து தள்ளி நில் என்கிறது. பல வீடுகளில் முன்பலகையின் நட்டநடுவில் குமிழ் இருப்பது இந்த வழக்கில் எழுதப்பட்ட சமரசத் தீர்ப்பு. கைக்கு இரண்டு மடங்கு வேலை வைக்கிறது, ஆனால் பொய் சொல்லவில்லை. இழுத்தால் வருகிறது. சமரசத்தை நான் மதிக்கிறேன். எங்கள் வீட்டுக் குமிழில் சமரசமே இல்லை. கண் கேட்டதைக் கொடுத்துவிட்டு, கையின் வாக்குமூலத்தை யாரும் வாங்கவே இல்லை.

4

கதவுகளைப் பற்றி யோசிக்கிற எந்த மென்பொருள்காரனும் டொனால்ட் நார்மனைத் தாண்டிப் போக முடியாது. 1988இல் 'அன்றாடப் பொருட்களின் உளவியல்' என்ற பொருள்தரும் தலைப்பில் வந்து, பின்னர் 'வடிவமைப்பு' என்று பெயர் மாறிப் புகழ்பெற்ற புத்தகம். தள்ளுவதா இழுப்பதா என்று குழப்பும் கதவுகளுக்கு இன்று 'நார்மன் கதவு' என்றே பெயர். என் முதல் வேலையில் டீம் லீடர் கையில் கொடுத்த புத்தகம் அது.

உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சனிடமிருந்து 'அஃபோர்டன்ஸ்' என்ற சொல்லை நார்மன் வடிவமைப்பு உலகுக்குக் கொண்டுவந்தார். ஒரு பொருள் ஒரு உயிருக்கு எதைச் செய்ய இடம் கொடுக்கிறதோ அது. எல்லோரும் அந்தச் சொல்லைக் கண்டபடி பயன்படுத்தவே, 2013இல் வந்த திருத்திய பதிப்பில் 'சிக்னிஃபையர்' என்று இன்னொரு சொல்லைச் சேர்த்து இரண்டையும் பிரித்தார். பொருளால் என்ன முடியும் என்பது ஒன்று, என்ன முடியும் என்று அது சொல்வது வேறொன்று. எங்கள் கதவுக்கு இந்தப் பிரிவு கச்சிதமாகப் பொருந்துகிறது. கதவு மடிப்பில் திறக்க இடம் கொடுக்கிறது. குமிழ் முனையில் திறக்கச் சொல்கிறது.

ஆனால் மறுபடி படித்தபோது ஒன்று உறுத்தியது. முதல் அத்தியாயத்தில் நார்மனின் நண்பர் ஒருவர் ஐரோப்பாவில் ஒரு தபால் நிலையத்தின் கண்ணாடிக் கதவுகளுக்கிடையே மாட்டிக்கொள்கிறார். கீல் எந்தப் பக்கம் என்று தெரியாமல், கீல் பக்கத்தையே தள்ளிக்கொண்டு நிற்கிறார். எங்கள் வீட்டுக் கதவின் அதே பிரச்சினை. சரியான செயல், தவறான இடம். அந்த நண்பர் வெளியே வந்து கதையைச் சொல்கிறார். நார்மன் கேட்கிறார். புத்தகத்தில் ஏறுகிறது. நாம் சிரிக்கிறோம்.

சொல்கிறவர்களின் கதைதான் புத்தகத்தில் ஏறும். மக்கள் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள் என்று நார்மனும் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்குக் குறைவில்லை. ஆனால் குறை சொல்லிக்கொண்டு அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள்? அம்மா ஆறு மாதம் பெட்டியிலிருந்து வாழ்ந்தாள். புகார் இல்லை. முகச்சுளிப்பு இல்லை. கதவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. யாராவது ஓர் ஆய்வாளர் வந்து அந்த அறையைப் பார்த்திருந்தால் கதவு நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். மோசமான வடிவமைப்பு விட்டுச்செல்லும் தடயம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: பயன்படுத்தப்படாத, புத்தம்புதிதாக இருக்கிற ஒரு பொருள்.

என் தொழிலில் இதை நான் தினமும் செய்கிறேன். 'இந்த பட்டனை யாரும் அழுத்துவதே இல்லை, எடுத்துவிடலாம்' என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். புகார் வந்தால் 'பயனர் பிழை' என்று எழுதி டிக்கெட்டை மூடியிருக்கிறேன். புகார் வராததற்கு ஒரு பெயர்கூட வைத்ததில்லை. அதை வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

கைப்பிடியைப் பற்றி நான் படித்ததில் ஆழமானது ஜெர்மானியச் சமூகவியலாளர் கேயோர்க் சிம்மல் எழுதிய ஒரு சிறு கட்டுரை. 1911இல் வந்த அவருடைய தொகுப்பில் இருக்கிறது. பூச்சாடியின் கைப்பிடி இரண்டு உலகங்களைச் சேர்ந்தது என்கிறார் அவர். சாடி ஒரு கலைப்பொருளாகத் தனக்குள் முழுமையாக நிற்கிறது. கைப்பிடி அதன் அழகின் பகுதியாகவும் இருக்க வேண்டும், அதே நேரம் நம் கை இருக்கும் உலகத்துக்குள் நீண்டும் வர வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் கைப்பிடி தோற்றுவிடும்.

தமிழில் பாத்திரத்தின் பிடிக்குக் காது என்கிறோம். அண்டாவுக்குக் காது, வாணலிக்குக் காது. வெளியே இருப்பதைக் கேட்கும் உறுப்பு. சிம்மல் பல பக்கங்களில் விளக்கியதை அந்த ஒற்றைச் சொல் செய்துவிடுகிறது. குடத்துக்குக் காதே இல்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். அதன் கைப்பிடி தூக்குபவளின் இடுப்பு. பாதிப் பொருளை மண்ணில் செய்து மீதிப் பாதியை உடம்பிடம் விட்டுவிட்டார்கள்.

கைப்பிடி என்றதும் நண்பர்கள் விட்கென்ஸ்டைனைச் சொல்வார்கள். உண்மைதான். 1926 முதல் 1928 வரை தன் சகோதரி மார்கரெத்துக்காக வியன்னாவில் கட்டிய வீட்டில், கட்டடக்கலைஞர் பால் எங்கல்மானோடு சேர்ந்து, கதவுக் கைப்பிடிகள்வரை அவர் வடிவமைத்தார். அவரும் பொறியியல் படித்தவர் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. வீடு முடியும் தறுவாயில் ஒரு கூடத்தின் கூரையை 3 சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்ன கதை பிரசித்தம். அந்தக் கைப்பிடிகளைப் படத்தில் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். ஓர் அலங்காரம் கிடையாது, ஒரு மில்லிமீட்டர் மிகை கிடையாது.

ஆனால் இன்னொரு சகோதரி ஹெர்மினே தன் நினைவுக்குறிப்பில், அந்த வீட்டை வியந்தாலும் தன்னால் அதில் வாழ முடியாது, தன்னைப் போன்ற சாதாரண மனுஷிக்கு அது ஏற்றதல்ல என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். அந்த வீட்டின் மேல் எழுதப்பட்ட சிறந்த விமர்சனம் அதுதான் என்பேன். துல்லியம் எதற்கு என்ற கேள்வியை அது கேட்கிறது. விகிதத்துக்காகக் கூரையை 3 சென்டிமீட்டர் நகர்த்துவதும் துல்லியம்தான். ஒரு வயதான கைக்காகக் குமிழை பதினாலரை அங்குலம் நகர்த்துவதும் துல்லியம்தான். முதலாவதைப் பற்றி நூறு வருடமாகப் பேசுகிறோம்.

6

இடம் பாதிப் பிரச்சினை. மீதிப் பாதி வடிவம்.

எங்கள் வீட்டில் இருந்தது உருண்டைக் குமிழ். உருண்டைக் குமிழ் என்றால் திருகு என்று அர்த்தம். மடக்குக் கதவில் திருக எதுவும் இல்லை, இழுத்தால் போதும். ஆக, இடத்தில் ஒரு பொய், உருவத்தில் இன்னொரு பொய். அதோடு ஒன்றேகால் அங்குலக் குமிழை நாலு விரலால் பிடிக்க முடியாது. கட்டைவிரலும் இன்னும் இரண்டு விரலுமாகக் கிள்ளித்தான் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு வலது கை விரல் மூட்டுகளில் வலி. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட என்னிடம்தான் நீட்டுவாள்.

அமெரிக்காவில் 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் 2010இல் வெளியான வடிவமைப்புத் தரநிலைகள் இதைச் சட்ட மொழியில் சொல்கின்றன. கையால் இயக்கும் பாகங்கள் ஒரு கையால் இயங்க வேண்டும்; இறுகப் பிடிக்கவோ, கிள்ளவோ, மணிக்கட்டைத் திருகவோ தேவைப்படக் கூடாது; 5 பவுண்டு, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் கிலோ விசைக்கு மேல் கேட்கக் கூடாது. கதவின் பிடி தரையிலிருந்து 34 முதல் 48 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். நான் படித்த சட்ட வாசகங்களிலேயே கையைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதியது இதுதான். கனடாவில் வான்கூவர் நகரம் 2014 முதல் புதிய வீடுகளின் கதவுகளில் உருண்டைக் குமிழையே விட்டுவிட்டு நெம்புபிடி வைக்கச் சொல்லிவிட்டது. ஆனால் அமெரிக்கச் சட்டத்தின் அக்கறை பொதுக் கட்டடங்களின் வாசலோடு நின்றுவிடுகிறது. தனியார் வீட்டு அலமாரிக்குள் அது வராது. அங்கே மகன்தான் வர வேண்டும்.

அம்மா ஊருக்குப் போன பிறகு வேலையை ஆரம்பித்தேன். உருண்டைக்குப் பதில் நாலு விரலும் உள்ளே போகிற நீளமான வளைபிடி இரண்டு வாங்கினேன். கிள்ள வேண்டாம், கொக்கி மாதிரி விரலை மாட்டினால் போதும். உயரம் 36 அங்குலம், அம்மா குள்ளம். இடம், முன்பலகையில் மடிப்பிலிருந்து 2 அங்குலம் தள்ளி. நட்டநடுவில் வைக்காததற்குக் கணக்கு தவிர இன்னொரு காரணமும் இருந்தது. இந்த வகைக் கதவுகள் உள்ளே பொள்ளல். ஓரச் சட்டமும் மேல் கீழ்ச் சட்டமும்தான் மரம், நடுவில் அட்டைக்கூடு. அங்கே திருகாணி போட்டால் நாலு மாதத்தில் பிடியோடு கையில் வரும். ஓரச் சட்டத்தில் துளை போட்டு, பின்பக்கத்திலிருந்து போல்ட் கொடுத்து இறுக்கினேன். துளை போடுமுன் காகிதத்தில் வெட்டிய பிடியை டேப்பால் ஒட்டிவைத்து இரண்டு நாள் பார்த்தேன். என் மனைவி கடந்துபோகும்போது சொன்னாள், "கோணலா இருக்கு." கோணலாகத்தான் இருந்தது. சோபாவின் இரு ஓரங்களில் தம்பதி உட்கார்ந்துவிட்டார்கள்.

பழைய துளைகளை மரப்பசையால் அடைத்து வெள்ளை அடித்தேன். சாய்ந்த வெளிச்சத்தில் இப்போதும் தெரியும், நடுவில் அருகருகே இரண்டு தழும்பு.

7

போன வருடம் அம்மா மறுபடி வந்தாள். விமான நிலையத்திலிருந்து வந்து காபி குடித்து முடித்ததும் அறைக்குக் கூட்டிப்போனேன். ஒன்றும் சொல்லாமல் ஓரமாக நின்றுகொண்டேன். எங்கள் வேலையில் பயனர் சோதனை என்று ஒன்று உண்டு. வாயைத் திறக்கக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும்.

அவள் கை முதலில் நடுவுக்குத்தான் போனது. பீரோவில் பழகிய கை. அங்கே எதுவும் இல்லாததால் தயங்கி, பக்கத்தில் தேடி, வளைபிடியில் விரலை மாட்டி இழுத்தாள். கதவு சத்தமில்லாமல் மடிந்தது. மூடினாள். திறந்தாள். இன்னொரு தடவை மூடித் திறந்தாள். "நல்லாருக்குய்யா" என்றாள். எனக்கு அந்த நிமிடம் இருந்த பெருமையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் கதவின் மேலும் கீழும் பார்த்தாள். பிடியைச் சுற்றி விரலால் தடவினாள். எதையோ தேடுகிறாள் என்று புரிந்தது, எதை என்று புரியவில்லை.

"சாவி எங்க?"

"இதுக்குச் சாவி கிடையாதும்மா."

"பூட்டு இல்லாத பீரோவுல என்னத்தய்யா வைக்க?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. இங்கே யார் எடுக்கப்போகிறார்கள் என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். திருட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு பீரோ. அதன் சாவி அவள் இடுப்பில் இருந்தது. நிலப் பத்திரமும் நகையும் அப்பாவின் பழைய கடிதங்களும் ஒரே அறையில் இருந்தன. அவளைக் கேட்காமல் அதை யாரும் திறந்ததில்லை. அலமாரி என்றால் அவளுக்கு அதுதான். ஆறு மாதம் இரவில் எண்பூட்டு சுழன்ற சத்தத்தை நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். முதலில் அதைப் படிமமாக எடுத்துக்கொண்டேன். பிறகு இயந்திரவியலாக எடுத்துக்கொண்டேன். இரண்டு தடவையும் அவளிடம் முழுதாகக் கேட்கவில்லை.

நார்மனும் சிம்மலும் கைப்பிடியைப் பற்றிச் சொல்வதெல்லாம் எப்படித் திறப்பது என்பதற்கான பதில்கள். அவற்றில் நான் இப்போதும் எதையும் மாற்ற மாட்டேன். மடக்குக் கதவுக்குப் பிடி மடிப்போரம்தான் இருக்க வேண்டும், நாலு விரல் நுழைய வேண்டும், பார்க்கக் கோணலாக இருந்தால் இருக்கட்டும். ஆனால் யாருடைய கதவு என்ற கேள்விக்குக் கைப்பிடியிடம் பதில் இல்லை. அது வேறு உறுப்பின் வேலை.

மறுநாள் கடைக்குப் போய், மேசை இழுப்பறைகளுக்குப் போடுகிற சின்னப் பூட்டு ஒன்று வாங்கினேன். மடக்குக் கதவில் பூட்டு வைக்க முடியாது என்றில்லை. வைத்தால் அசிங்கமாக இருக்கும், பொள்ளல் பலகை தாங்காது. அதனால் அலமாரிக்குள்ளே ஒரு மரப்பெட்டியைத் திருகாணியால் இறுக்கி, அதில் பூட்டைப் பொருத்தினேன். ஒரு சாவிதான் வந்தது. அதை அம்மாவிடம் கொடுத்தேன்.

அன்று மாலை இருபது ஹேங்கரிலும் புடவைகள் தொங்கின. மரப்பெட்டியில் என்ன வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.